இறுகிப்போன தோள்பட்டையை ஒரே தட்டில் எடுத்துவிட முடியுமா?

கேள்வி: வணக்கங்க மேடம். எனக்கு 51 வயசு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லரா 14 வருஷமா இருக்கேன். சுகர் 6 வருஷமா இருக்கு, மாத்திரை போடறேன். அஞ்சு மாசமா இடது தோள்பட்டை வலி. முதல்ல கொடியில துணி போடும்போது மட்டும் சுருக்குனு இருந்துச்சு. இப்ப முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியல, தலை பின்ன முடியல, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா முழிப்பு வந்துருது. எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்புல ஒண்ணும் இல்லைன்னாங்க, தோள்ல ஊசி போடலாம்னாங்க. பயந்து வந்துட்டேன். தம்பி மகன் போன்ல கைரோபிராக்டிக் வீடியோ காட்டறான். எலும்பு விலகியிருக்கும், டக்குனு ஒரு தட்டு தட்டினா சரியாயிரும்கறான். கோயமுத்தூர்ல ஒரு இடத்துல கேட்டதுக்கு 10 தடவை வரணும், 18,000 ஆகும், முன்னாடியே கட்டணும், முதல் நாளே கழுத்து முதுகு எல்லாம் சேர்த்து எடுத்துவிட்டுருவோம்னாங்க. போகலாமுங்களா?

பதில்: அக்கா, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 18,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். கழுத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஊசி என்று சொன்ன எலும்பு மருத்துவரிடமே திரும்பப் போங்கள், பயப்பட வேண்டிய ஊசி இல்லை அது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள், அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது சரியில்லைதான். ஆனால் 51 வயது, சுகர், மெதுவாக ஆரம்பித்து மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி, தூக்கம் கெடுவது, பின்பக்கம் கொக்கி மாட்ட முடியாதது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாதது, இவை எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் எங்கள் பிசியோதெரபித் துறையில் யாருக்கும் முதலில் தோன்றுவது ஃப்ரோசன் ஷோல்டர்தான். தமிழில் உறைந்த தோள்பட்டை என்கிறார்கள், நான் தோள் இறுக்கம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, கையை எல் மாதிரி மடக்கிக்கொண்டு, முன்கை இரண்டையும் வெளிப்பக்கமாகத் திறங்கள், இரட்டைக் கதவைத் திறப்பது போல. வலது கை நன்றாகத் திறந்து, இடது பாதியில் நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கையை மெல்ல, மிக மெல்ல, இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தவர் தள்ளியும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் மூட்டே இறுகியிருக்கிறது. அடுத்தவர் தள்ளும்போது தாராளமாகப் போய், நீங்களாகச் செய்யும்போது மட்டும் போகவில்லை என்றால் அது இறுக்கம் இல்லை, தோளைச் சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளின் நாண்களில் ஏதோ ஒன்று கிழிந்தோ நைந்தோ இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. வலி தோளோடு நிற்காமல் முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி, மரத்துப்போய், கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். தோள்பட்டை வலி என்று ஒரே பெயரில் வருபவை இப்படி மூன்று நான்கு வேறு வேறு சங்கதிகள், எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

உங்கள் தம்பி மகன் சொல்கிற எலும்பு விலகல் விஷயத்துக்கு வருவோம். தோள் மூட்டு விலகினால் எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரிந்துவிடும், அதைவிட முக்கியம், விலகின தோளோடு ஒருவர் ஐந்து மாதம் ஓவர்லாக் மெஷினில் உட்கார முடியாது. உங்களுக்கு எலும்பு அதனதன் இடத்தில்தான் இருக்கிறது. சுருங்கியிருப்பது எலும்பைச் சுற்றியுள்ள உறை. தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு, உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடியது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய பை மாதிரி உறை இருக்கிறது. அக்குள் பக்கம் அந்தப் பை தொளதொளவென்று மடிந்து கிடக்கும், கையை மேலே தூக்கும்போதுதான் அந்த மடிப்பு விரியும். நீங்கள் துணி தைக்கிறவர், கை தூக்க இடம் வேண்டும் என்றால் அக்குளில் துணியைத் தாராளமாக விட வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் சலவையில் சுருங்கிப்போன காட்டன் பனியனைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் எப்படிப் பிடிக்கும்? உங்கள் தோளுக்குள் இப்போது நடப்பது அதுதான். உறையில் முதலில் அழற்சி வந்து, பிறகு அது தடித்துச் சுருங்கியிருக்கிறது. சுருங்கின துணியை ஒரே இழுப்பில் பழைய அளவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் கிழியும்.

பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வாழ்நாளில் இது வருகிறது, பெரும்பாலும் 40 வயதுக்கும் 60-க்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். சுகர் இருப்பவர்களுக்கு வரும் வாய்ப்பு அதைப் போலப் பல மடங்கு. ரத்தத்தில் நீண்ட நாள் கூடுதலாக இருக்கும் சர்க்கரை, உறையில் உள்ள கொலாஜன் என்ற புரத நாரோடு ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது என்பது ஒரு காரணம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வருகிறது, அதனால் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரை போடுகிறேன் என்பது வேறு, சுகர் கட்டுக்குள் இருக்கிறது என்பது வேறு.

இனி கைரோபிராக்டிக். அதைக் கேவலமாகப் பேச எனக்கு விருப்பமில்லை, நாங்கள் செய்வதும் கையால் செய்கிற வைத்தியம்தான். 1895-ல் அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கியது அது. காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர், ஹார்வி லில்லார்டு என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் ஒரு இடத்தை அழுத்திவிட்டதில் அவருக்கு மந்தமாக இருந்த காது கேட்க ஆரம்பித்தது என்று சொல்லி, முதுகெலும்பு லேசாக விலகி நரம்பை அமுக்குவதுதான் நோய்களுக்கெல்லாம் மூலம் என்று ஒரு கொள்கையைக் கட்டினார். அந்தக் கொள்கைக்கு இன்றுவரை மருத்துவ அறிவியலில் ஆதாரம் இல்லை. அதே சமயம், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இன்று அது வருடக்கணக்கில் படித்து, உரிமம் வாங்கிச் செய்கிற தொழில். அங்கே நன்றாகப் படித்த பலர் பால்மர் சொன்னதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் கைவைத்தியமும் உடற்பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டியில், முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

நம் ஊரில் நிலைமை அப்படி இல்லை. இந்தியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கத் தனி கவுன்சில் கிடையாது. நாலு வருடம் வெளிநாட்டில் படித்து வந்தவரும் சரி, ஒரு வாரம் ஏதோ ஹோட்டல் ஹாலில் வகுப்பு கேட்டுச் சான்றிதழ் வாங்கியவரும் சரி, ஒரே பலகையை மாட்டிக்கொள்ளலாம். வாசலில் நிற்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த வீடியோக்களில் மயக்குவது சத்தம்தான். படக்கென்று ஒரு சத்தம், உடனே படுத்திருப்பவர் முகத்தில் நிம்மதி. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூட்டிக்கிடந்தது திறந்தது போலத் தோன்றும். நீங்கள் விரலை நெட்டி முறிக்கும்போது வருவதும் அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயு வெற்றிடம் ஒன்று உண்டாகிறது. 2015-ல் கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்தே இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். எலும்பு எதுவும் அதன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்காரும் சத்தம் இல்லை அது. சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் தசை தளர்ந்து லேசாக இருக்கும், அது உண்மையான நிம்மதிதான், ஆனால் சுருங்கின உறை ஒரு இழைகூட நீண்டிருக்காது.

சரி, கைவைத்தியத்தால் தோளுக்குப் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. 2004-ல் நெதர்லாந்தில் தோள்வலி உள்ள 150 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம், மீதிப் பேருக்கு அதோடு கழுத்து, மேல்முதுகு, விலா மூட்டுகளுக்குக் கைவைத்தியம். 12 வாரத்தில் கைவைத்தியம் சேர்த்தவர்களில் 43 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள், மற்றவர்களில் 21 சதவீதம். இந்த வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் எல்லாரும் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், கழுத்தும் மேல்முதுகும் சரியாக அசையாததோடு சேர்ந்து தோள் வலித்தவர்கள். உங்களுடையதைப் போல உறையே சுருங்கிய தோளுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது.

கழுத்தைப் பற்றி அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்குப் போகின்றன. வேகமாகத் திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் உங்கள் கழுத்தில் எந்தக் கோளாறும் இருப்பதாக யாரும் சொல்லவில்லையே, தோள் வலிக்கு வந்தவரின் கழுத்தை முதல் நாளே ஏன் திருப்ப வேண்டும்? சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தை டக்கென்று திருப்பிவிடுவார்களே, அதையும் நான் என் வீட்டு ஆண்களுக்குத் தடை செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறுகிப்போன தோளை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் திறக்கும் என்று நம்பினேன். நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு அழ அழ கையை மேலே தள்ளியிருக்கிறேன். நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்றே நினைத்தேன். மறுநாள் அவர்கள் தோள் இன்னும் இறுகி வரும், நான் இன்னும் பலமாகத் தள்ளுவேன். பிறகுதான் 77 பேரை வைத்துச் செய்த ஒரு டச்சு ஆய்வைப் படித்தேன், அதுவும் 2004-ல் வந்ததுதான். வலி வரும் எல்லையைத் தாண்டாமல் மெல்ல அசைத்து, நோயைப் பற்றி நன்றாக விளக்கி அனுப்பப்பட்டவர்களில் 89 சதவீதம் பேருக்கு இரண்டு வருட முடிவில் தோள் கிட்டத்தட்டப் பழையபடி வேலை செய்தது. வலியைத் தாண்டித் தள்ளிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் 63 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. அதைப் படித்த அன்று, நான் அழவைத்த முகங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. அழற்சி சூடாக இருக்கும் காலத்தில் இழுத்தால் உறை இன்னும் கோபப்பட்டு இன்னும் தடிக்கும். அதனால் கைரோபிராக்டர் ஆனாலும், சுளுக்கு எடுப்பவர் ஆனாலும், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டே ஆனாலும், இப்போது உங்கள் கையைப் பிடித்து வேகமாக இழுக்க அனுமதிக்காதீர்கள். மாதவிடாய் நின்ற வயதில் எலும்பு தேய்ந்திருந்தால் இழுக்கும் இழுப்பில் மேல்கை எலும்பு உடைவதும் உண்டு. அப்படி உடைந்து வந்த ஒரு அம்மாவுக்கு எட்டு மாதம் வைத்தியம் பார்த்தேன்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஊசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. ஸ்டீராய்டு என்றதும் உடம்பு ஊதிவிடும் என்று பயப்படுகிறார்கள், அது மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிடும்போது வருவது. தோள் இறுக்கத்தின் முதல் கட்டத்தில், அதாவது வலி தூக்கத்தைக் கெடுக்கும் உங்கள் இப்போதைய கட்டத்தில்தான் இந்த ஊசி நன்றாகக் கேட்கும். வலி இறங்கினால் பயிற்சி செய்ய முடியும், அதுதான் அதன் பெரிய லாபம். ஒரே ஒரு கவனம், ஊசிக்குப் பிறகு சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, ரத்தச் சர்க்கரை ஏறும். அதனால் எலும்பு மருத்துவரிடம் சுகர் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள், சுகர் மருத்துவரிடம் ஊசி போடப்போவதைச் சொல்லுங்கள், அந்த வாரம் தினமும் சுகர் பாருங்கள். இப்போதே சுகர் எகிறிக் கிடந்தால் அதை இறக்கிய பிறகு ஊசி போடுவார்கள்.

மயக்கம் கொடுத்துத் தோளை விடுவிப்பது, துளை வழியாக உறையை வெட்டுவது என்றும் வழிகள் உண்டு. பிரிட்டனில் 503 பேரை வைத்து இந்த இரண்டையும், ஊசியோடு சேர்த்த பிசியோதெரபியையும் ஒப்பிட்டு 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில் மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நீங்கள் இப்போது ஆபரேஷனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறேன். காலையில் வெந்நீர் ஊற்றிக் குளித்த பிறகு தோள் சற்று இளகியிருக்கும், அப்போது செய்யுங்கள். ஒத்தடம் கொடுப்பதென்றால் சூட்டை முதலில் வலது கையால் தொட்டுப் பாருங்கள், சுகர்காரர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். மேஜையில் வலது கையை ஊன்றி முன்னால் குனிந்து, இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை ஊஞ்சல் மாதிரி தானாக ஆடும், ஒரு நிமிடம் போதும். அடுத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் ஒரு துணியை விரித்து, அதன்மேல் இடது கையை வைத்து, துணியோடு முன்னால் சறுக்கிக்கொண்டு போங்கள், பிடிக்கிற இடத்தில் ஐந்து எண்ணிவிட்டுத் திரும்புங்கள், பத்து தடவை. மூன்றாவதாக, மல்லாந்து படுத்து முழங்கையை விலாவோடு வைத்து, இரண்டு கையாலும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குச்சியைத் தள்ளி இடது முன்கையை மெல்ல வெளியே திறக்கவிடுங்கள். கண்ணாடி முன்னால் செய்தீர்களே அதே அசைவுதான், உங்களுக்கு இதுதான் முக்கியமானது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைக்கு பத்து நிமிடம். அளவு தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: பயிற்சி முடித்து அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டால் சரியான அளவு, அன்று ராத்திரி தூக்கம் கெட்டால் அதிகம், மறுநாள் பாதியாகக் குறையுங்கள். துண்டைப் பின்னால் பிடித்து இழுக்கும் பயிற்சியை யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம், வலி இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படுக்கும்போது மல்லாந்து படுத்து, இடது முழங்கைக்கு அடியில் ஒரு சிறு தலையணை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மார்போடு ஒரு தலையணையை அணைத்து இடது கையை அதன்மேல் போடுங்கள். ஜாக்கெட் போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். கொஞ்ச நாளைக்கு முன்பக்கக் கொக்கி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் கையிலேயே இருக்கும் தொழிலாயிற்றே.

வேலையை விட வேண்டியதில்லை. கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிடவும் கூடாது, அது இறுக்கத்தைக் கூட்டும். பீஸை எட்டி எடுக்காமல் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து தோளை உருட்டுங்கள், ஒன்றரை ஷிப்ட் மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். இஎஸ்ஐ கார்டு இருக்கிறதா? இருந்தால் எலும்பு மருத்துவர், ஊசி, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் அதிலேயே வழி உண்டு, கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். கார்டு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குப் பணம் கிடையாது.

இடது தோள் என்பதால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தோளும் நெஞ்சும் சேர்ந்து கனத்து, வேர்த்து, நின்றால் குறைகிறதா? ஆம் என்றால் தோளை விட்டுவிட்டு அன்றைக்கே ஈசிஜி எடுங்கள், சுகர் உள்ள பெண்களுக்கு இதயவலி தெளிவாகத் தெரியாமல் இப்படி வருவதுண்டு. காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, கை திடீரென்று பலம் இழந்தாலோ காத்திருக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் எல்லாரும் வற்புறுத்திக் கைரோபிராக்டரிடம் போகத்தான் வேண்டும் என்றால், முதலில் எங்கே எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். முன்பணமாக மொத்தத்தையும் கேட்பவர், உங்கள் சுகரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காதவர், தோளைப் பரிசோதிக்காமலேயே பத்து தடவை என்று கணக்குச் சொல்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நன்றாகப் படித்தவராக இருந்தால் அவரே உங்கள் தோளைப் பார்த்துவிட்டு, இது இழுக்கிற கட்டம் இல்லை என்றுதான் சொல்வார்.

எத்தனை நாளாகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வலி மிஞ்சி நிற்கும் முதல் கட்டம் இரண்டிலிருந்து ஒன்பது மாதம், வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டம் நாலிலிருந்து பன்னிரண்டு மாதம், பிறகு மெல்ல விடுபடும் காலம். மொத்தத்தில் ஒன்றரை முதல் மூன்று வருடம் பிடிக்கலாம், சுகர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இழுக்கும், சிலருக்கு லேசான இறுக்கம் மிச்சமும் இருக்கும். ஊசியும் சரியான பயிற்சியும் சேர்ந்தால் தூக்கம் கெடுக்கும் வலி சில வாரத்திலேயே இறங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி முன்னால் செய்யச் சொன்னதை இன்றைக்கே செய்து, இடது கை எவ்வளவு திறக்கிறது என்று தம்பி மகனைப் போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு போட்டோ. எச்பிஏ1சி எவ்வளவு வந்தது என்பதையும் அந்த இரண்டு படங்களையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள் அக்கா, அடுத்த பயிற்சியை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.